பழமதுவும் பனங்கள்ளும்

ஒரு பொருள் நல்லதா, தீயதா என்று கேட்பது எளிது. அதே பொருளை இன்னார் செய்தால் நாகரிகம், இன்னார் செய்தால் இழிவு என்று சமுதாயம் முன்கூட்டியே எழுதி வைத்துள்ள தீர்ப்பைக் கண்டுகொள்வது அத்துணை எளிதன்று. அத்தீர்ப்பு நமது வீட்டுச் சமையலறையில் எழுதப்பட்டிருக்குமாயின், அதைக் கண்டுகொள்வது இன்னும் கடினம். எனக்கு அதைக் காட்டியவன் பத்தாம் தரத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் ஒரு மாணவன். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அன்று நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. இக்கட்டுரை, காலந் தாழ்த்திய அந்த விடை.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் என் தமையனாரும் மச்சாளும் பிள்ளைகளோடு கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் வீடு நிறைந்த நாட்கள் அவை. ஒரு சனிக்கிழமை உறவினர் எல்லாரையும் மதிய உணவுக்கு அழைத்தோம். முதல்நாள் மாலையே மச்சாள் ஒரு பானத்துக்கு ஆயத்தம் செய்தார். அகன்ற கண்ணாடிச் சாடி ஒன்றில் இரண்டு போத்தல் சிவப்பு வைனை ஊற்றினார். தோடம்பழத்தைத் தோலோடு வட்டமாக அரிந்து போட்டார். அன்னாசித் துண்டும் அப்பிள் துண்டும் சேர்த்தார். ஒரு தேசிக்காயைப் பிழிந்தார். ஒரு துண்டு கறுவா, நாலைந்து கராம்பு, சீனி கரைத்த நீர் இவற்றையும் இட்டு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். “இரவு முழுக்க ஊறவேணும். பழம் நல்லாய்க் குடிச்சால்தான் ருசி” என்றார். மறுநாள் பரிமாறுமுன் சோடாவும் ஐஸ்கட்டியும் சேர்ந்தன. ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளில் இதனைச் ‘சங்கிரியா’ என்பர். குருதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நிறமும் அவ்வாறே இருந்தது.

கள்ளின் நெடி காற்றில் வந்தாலே சன்னலைச் சாத்தும் என் பெரியம்மா அன்று அதில் ஒரு கிண்ணம் அருந்தினார். “பழத்தண்ணிதானே மோளே” என்று சொல்லி, அடியிற் கிடந்த அன்னாசித் துண்டுகளையும் கரண்டியால் எடுத்துச் சுவைத்தார். நானும் அருந்தினேன். அதைப் பற்றி எனக்கு அன்றும் நாணமில்லை, இன்றும் இல்லை. நாணம் வேறோரிடத்தில் இருக்கின்றது.

தமையனாருக்குப் பனங்கள் குடிக்க வேண்டுமென்று ஓர் ஆசை. இருபது ஆண்டு ஏக்கம் என்றார். அயலிலுள்ள சீவல் தொழிலாளி ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்தது போக எஞ்சியதைப் பிளாஸ்டிக் கலனில் எடுத்துக்கொண்டு அவர் நடுப்பகலில் வந்தார். முன்வாயிலால் அல்ல, கிணற்றடிப் படலையால் வந்தார். அவ்வழியால் வருமாறு எவரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தமையனார் மகிழ்ச்சி பொங்க அவரைத் தழுவிக்கொண்டு, “எங்கட சாமானையும் குடிச்சுப் பாருங்கோ அண்ணை” என்றார். உள்ளேயிருந்து பானம் வந்தது. விருந்தினருக்குத் தண்டு வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள். அவருக்கு வந்தது, கழுவி அடுக்கி வைத்திருந்த வெற்று யோகட் கோப்பை. அவர் மாமரத்தடியில் நின்றபடியே குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தது வேறெவரும் அல்லர், நானேதான். கண்ணாடிக் கிண்ணங்கள் போதவில்லை என்று என்னை நான் தேற்றிக்கொண்டேன். அலுமாரியில் இன்னும் ஆறு இருந்தன.

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய பின் ஒரு நாள், வகுப்பில் திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் எவனோ ஒருவன் ஒரு மாணவனின் பக்கம் திரும்பிச் சிரித்தான். நகைக்கப்பட்டவன் அந்தச் சீவல் தொழிலாளியின் மகன். அவன் தலை குனியவில்லை. எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்: “ரீச்சர், வைனும் கள்ளிலே சேருமோ?”

வெறி தருவன யாவும் கள்ளே என்று பொதுவாகச் சொல்லி அடுத்த குறளுக்குச் சென்றுவிட்டேன். அவன் அமர்ந்தான். கோப்பையைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

*

இரு பானங்களையும் முதலிற் பொருளளவில் ஒப்பிட்டுப் பார்ப்போம். திராட்சைச் சாற்றின் சீனியை நுண்ணுயிர் மதுசாரமாக்க வைன் உண்டாகின்றது. பனம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றின் சீனியை அதே இனத்து நுண்ணுயிர் மதுசாரமாக்கக் கள் உண்டாகின்றது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு தடைப்பட்டுக் கருப்பநீராக இறங்கும். பூசாவிடின் மரத்திலிருக்கும்போதே நொதித்துவிடும். மேலும் வைத்தால் வினாகிரியாகும். சாதாரண வைனில் மதுசாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் இருக்கும். கள்ளில் அதனிற் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். பழமும் சீனியும் சேர்ந்த பானமோ மதுசாரத்தின் காரத்தை மறைத்துவிடும். ஊறிய பழத்தைத் தின்றவரும் குடித்தவரே. ஆகவே வேதியியலின் தராசில் பெரியம்மா அன்று அருந்தியது, அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்த பானத்திலும் வலியது. பிறகு எதைக்கொண்டு ஒன்று விருந்தாகவும் மற்றது இழிவாகவும் ஆயிற்று?

சட்டத்தைக் கேட்போம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டின் மதுவுக்கு அடிப்படை. அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வதை அது தடுக்கின்றது. கடையில் வாங்கிய வைனில் பழத்தை நறுக்கிப் போடுவது கலவை, உற்பத்தியன்று. ஆதலால் மச்சாளின் சாடிக்குச் சட்டத்தால் ஒரு தீங்குமில்லை. அதே பழங்களைச் சீனியோடு நொதிக்க வைத்திருந்தால் அது வேறு கதை. மரத்திலேறித் தன் கையால் இறக்கிய கள்ளைக் கலனில் ஊற்றி அயல்வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதரோ சட்டத்தின் நிழலில் ஒளிந்து நடக்கவேண்டியிருந்தது. வாங்கிக் கலப்பவனுக்கு வீடு கோட்டை. உழைத்து உண்டாக்குபவனுக்கு வீடு குற்றத்தின் தடயம். கைப்பணம் உள்ளவனைக் காத்து, கைத்தொழில் உள்ளவனைக் காவல் காக்கும் தன்மை இச்சட்டத்தின் பிறப்பிலேயே உள்ளது. அது மக்களின் நலனுக்கு மட்டுமன்றி அரசின் வருவாய்க்காகவும் பிறந்த சட்டம். ‘மதுவரி’ என்ற பெயரே அதனை ஒளிவின்றிச் சொல்கின்றது.

இன்னொன்றையும் இங்கே நினைவுகூரலாம். மதுச்சாலையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டின் அறிவித்தலை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தைத் திரும்பப் பெறப் பணித்தார். அந்த ஒரு கிழமையில் நாடு பெண்ணின் ஒழுக்கம் பற்றி எவ்வளவோ பேசியது. குடிகாரக் கணவனால் அடிபடும் பெண்ணைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. மச்சாளின் சாடிக்குரிய வைனைக் கடையில் வாங்கி வந்தவர் தமையனாரே. ஊர் வழக்குக்கு அஞ்சி நாங்கள் இருவரும் வாகனத்திலேயே இருந்தோம். வீட்டுக்குள் வந்து பழத்தோடு கூடியதும் அது எங்களுக்கு உரியதாயிற்று. தடுக்கப்பட்டது மது என்றால் வீட்டிலும் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் தடுக்கப்பட்டது, பெண் பொதுவெளியில் ஒரு வாங்குநராக நிற்பது. சீவல் தொழிலாளிக்குக் கிணற்றடிப் படலை. எனக்கு வாகனத்தின் கண்ணாடி. ஒடுக்குமுறை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாயிலைக் குறித்து வைத்திருக்கின்றது. தனக்குக் குறித்த வாயிலைக் கண்டு வெகுள்பவர், பிறருக்குத் தாமே திறந்துவிடும் பின்வாயிலைக் காண்பதில்லை. நானும் கண்டேனல்லேன்.

*

வரலாற்றைப் பார்த்தால் இந்த இரட்டை நீதியின் வேர் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. இலங்கையின் புதிய செல்வர் வர்க்கம் தன் முதலைத் திரட்டிய வழிகளுள் அக்குத்தகை முதன்மையானது என்பதனைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். சாராயப் பணம் தோட்டமாயிற்று. தோட்டம் மாளிகையாயிற்று. மாளிகையின் பிள்ளைகள் கற்றோராயினர், கனவான்களாயினர். அக்கனவான்களின் வீட்டில் இரவு விருந்தில் வைன் கிண்ணங்கள் ஒலித்தன. மரத்தில் ஏறியவனின் பிள்ளை மட்டும் ‘கள்ளிறக்குபவனின் பிள்ளை’யாகவே நின்றான். ஒரே பானை, ஒரே பணம். மேலே மிதந்தது மதிப்பு, அடியிற் படிந்தது இழிவு.

வடபுலத்தில் இதனோடு சாதி சேர்ந்தது. கள்ளை வாங்கிய கை, கள்ளைக் கொணர்ந்த கையைத் தீண்ட மறுத்தது. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கண்ணாடிக் குவளை மறுக்கப்பட்டது. அவர்களுக்கென்று சிரட்டையும் போத்தலும் தனியே வைக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஏட்டிலிருந்த சட்டம் தேநீர்க் கடையின் மேசைக்கு இறங்கி வர, 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதன் பின் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் நடந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன. இடதுசாரி இயக்கத்தவரும் முற்போக்கு எழுத்தாளரும் அப்போராட்டங்களில் நின்ற வரலாற்றை நான் மாணவருக்குப் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறேன். ஒரு குவளைக்காக மனிதர் அடியுண்டனர், குருதி சிந்தினர் என்று கரும்பலகையின் முன் நின்று சொன்ன அதே கை, ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமையொன்றில் யோகட் கோப்பையை எடுத்து நீட்டியது. வன்னியில் சாதி இல்லை, போர் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. 2009இல் நாம் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கஞ்சியை வாங்கினோம் என்பது மெய். வீடு திரும்பி, கூரை வேய்ந்து, அலுமாரி வாங்கியதும் கிண்ணங்களை நாம் மீண்டும் பிரித்து அடுக்கிவிட்டோம் என்பதும் மெய்.

*

நம் பழைய இலக்கியம் இது குறித்து என்ன சொல்கின்றது? ‘பஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல், ஐந்தைக் குறிக்கும் நம் நாட்டுச் சொல்லிலிருந்து சென்றதென்று அகராதிகள் பெரும்பாலும் கூறும். சாராயம், சீனி, எலுமிச்சை, நீர், வாசனைப் பொருள் என்பன அவ்வைந்து. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வணிகக் கம்பனிக்காரர் அதனைக் கப்பலேற்றிக்கொண்டு போயினர். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, பனைக் குரும்பையின் நீரையும் கரும்பின் சாற்றையும் இளநீரையும் ஒன்றாகக் கலந்து பருகிவிட்டுக் கடலிற் பாய்ந்தாடும் நெய்தல் மகளிரை மாங்குடி கிழார் புறநானூற்றின் 24ஆம் பாட்டில் காட்டுகின்றார். மூன்று நீர் சேர்ந்ததனால் அதற்கு முந்நீர் என்றே பெயர். யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தும் பாண்டியனை நக்கீரர் பாடினார். இறக்குமதி வைன் அரசனுக்கும், உள்ளூர்க் கலவை உழைக்கும் மக்களுக்கும் என்ற பிரிவு அன்றே அரும்பிவிட்டது போலும்.

எனினும் என் உள்ளத்தை மிகவும் தைத்தது ஔவையார் அதியமானுக்குப் பாடிய கையறுநிலை. கள் சிறிதளவே கிடைத்தால் அதனைத் தனக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தான் பாடத் தன்னோடு கூடி உண்டு மகிழ்வான் என்றும் அவர் புலம்புகின்றார். அங்கே குடி பெருமையன்று, இழிவுமன்று. பகிர்வே பேசுபொருள். அரசனும் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணும் ஒரே கலத்தின் முன் அமர்ந்த நட்பே பேசுபொருள். நம்மிடம் இன்று கள்ளும் இருந்தது, வைனும் இருந்தது. இரண்டும் கைமாறின. ஆனால் கூடியுண்ணல் நிகழவில்லை.

வள்ளுவர் கள்ளைக் கடிந்தார். அதில் ஐயமில்லை. ஆயினும் புலான் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தின் கீழ் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக வைத்தமை கருதத்தக்கது. அது பொது வாழ்வின் சிக்கல், சமூகத்தின் கேடு என்று அவர் கண்டார் போலும். பொருளைக் கொடுத்து அறியாமையை வாங்கும் பேதைமையை அவர் எள்ளுகின்றார். மறைவிற் குடிப்பவரை ஊரார் உள்ளறிந்து நகைப்பர் என்கின்றார். அப்பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் கள் இறக்குபவனைப் பற்றிய ஒரு சொல் இல்லை. அவர் தொழிலைச் சாடவில்லை, பிறப்பைச் சாடவில்லை. பின்வரிசை மாணவன் தோழனைப் பார்த்துச் சிரித்தானே, அச்சிரிப்பு குறளிலிருந்து வந்ததன்று. உரையாசிரியராக நின்ற நாம் அதனுள் நுழைத்தது.

*

‘அப்படியாயின் மதுவை நீர் ஆதரிக்கின்றீரோ?’ என்று வாசகர் வினவலாம். இல்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அதனினும் பெரிய சான்று எங்கள் வகுப்பறை. திங்கட்கிழமைகளில் உறக்கமின்றி வரும் பிள்ளைகளின் கண்களில் முதல்நாள் இரவு எழுதப்பட்டிருக்கும். கூலி வாங்கிய மாலையில் அதன் பாதியைச் சாராயக் கடையில் விட்டுவரும் தகப்பன், காட்டோரத்தில் காய்ச்சிய கசிப்பில் ஈரலை எரித்துக்கொள்ளும் இளைஞன், இவர்களை ‘மரபுப் பானம்’ என்னும் மந்திரத்தால் மறைக்க நான் ஒருப்படேன். போர் தின்றது போக எஞ்சியவரைப் போத்தல் தின்னும்போது, பனங்கள்ளின் தொன்மையைப் பாடிக்கொண்டிருப்பது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு.

ஆனால் தீமைக்கு எதிரான போர், எளியவனைக் கண்டால் எரிவதும் வலியவனைக் கண்டால் அணைவதுமாக இருக்கலாகாது. தமிழ்நாட்டைப் பாருங்கள். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இன்றோ அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆலைச் சாராயத்தை மட்டும் 2003 முதல் அரசின் நிறுவனமே சில்லறைக் கடை வைத்து விற்கின்றது. பனையேறி குற்றவாளி, ஆலை முதலாளி வரி செலுத்துபவர். இவ்வேற்பாட்டால் ஏழை காக்கப்பட்டானா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமது நிலையும் பெரிதும் வேறன்று. மதுச்சாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியற் சலுகையாக வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு 2024இல் நாடெங்கும் எழுந்தபோது கிளிநொச்சியின் பெயரும் அடிபட்டது. மேலிடத்தில் அனுமதிப்பத்திரம் கைமாறுகின்றது. கீழே ஒருவர் ஒரு கலன் கள்ளோடு படலையால் ஒளிந்து வருகின்றார். இவ்விருவருள் எவரைக் குறித்து நாம் வகுப்பில் சிரிக்கின்றோம்?

பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களின் தொடக்கத்தில் உருவானபோது, குத்தகைக்காரனின் பிடியிலிருந்து தொழிலாளி ஓரளவு விடுபட்டான். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கருப்பநீர், பனங்கட்டி, பனாட்டு, வினாகிரி என மதியை மயக்காத பல பண்டங்களைப் பனை தரும். மதுவினால் வரும் கேட்டைக் குறைக்க மெய்யாகவே விரும்புவோர் செய்யவேண்டிய முதற்பணி, அப்பண்டங்களுக்கு உரிய விலையை உழைப்பாளிக்குக் கிடைக்கச் செய்வதே. அவனை இழிவாய் நோக்குவது மதுவிலக்கு ஆகாது. அது மதுவைக் குடித்துவிட்டுக் குற்றத்தை மட்டும் அவன் தலையிற் கவிழ்ப்பது.

ஆகவே ஒரு பானத்தின் அறத்தை அளக்க இனி நான் நிறம், மணம், கலம் ஆகியவற்றைக் கேட்கமாட்டேன். மூன்றே கேள்விகள் கேட்பேன். இதை உண்டாக்கியவனுக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைத்தனவா? இதனால் வரும் துன்பத்தைச் சுமப்பவர் யார்? இதை அருந்துவோர் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றனரா? இக்கேள்விகளைச் சாராயக் கடைக்கும் கேட்கலாம், தவறணைக்கும் கேட்கலாம், கண்ணாடிச் சாடிக்கும் கேட்கலாம். எங்கள் வீட்டுச் சாடி மூன்றாவது கேள்வியில் தோற்றது.

சென்ற கிழமை அதே அதிகாரத்தை அதே வகுப்பில் மீண்டும் எடுத்தேன். “வைனும் கள்ளிலே சேரும். அதைக் குடித்தவர்களுள் உங்கள் ஆசிரியையும் ஒருத்தி. குறள் கடிவது குடிப்பவரைத்தான், இறக்குபவரை அன்று. அன்றைக்கே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்” என்றேன். வகுப்பு திகைத்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மகிழ்ந்தான் என்று சொல்லமாட்டேன். பின்பு குனிந்து, தன் கொப்பியில் எதையோ எழுதினான்.

கோப்பையைப் பற்றி நான் சொல்லவில்லை. தகப்பன் பட்ட அவமதிப்பை மகனின் தோழர் முன் பரப்பி என் மனச்சான்றைக் கழுவிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அந்தக் கடனை அடைக்கவேண்டிய இடம் வகுப்பறையன்று, எங்கள் முன்வாயில். அவரையும் மனைவியையும் பிள்ளைகளையும் தைப்பொங்கலன்று வீட்டுக்கு அழைக்க எண்ணியுள்ளேன். அவர் வர மறுக்கலாம். மறுக்கும் உரிமை அவருக்குண்டு. வந்தால் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கு இருக்கை. எல்லாருக்கும் ஒரே அலுமாரிக் கிண்ணங்கள். ஊற்றப்போவது கருப்பநீர்.